இரண்டு இருக்கை பயிற்சி விமானத்தைப் பாதுகாப்பாக ஓட்ட: வீட்டிலிருந்து கயிறு கட்டும் வரை

இந்த வழிகாட்டி ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் என்ஜின் பொருத்திய, 600 கிலோ உச்ச எடை கொண்ட லைட் ஸ்போர்ட் விமானங்களுக்கானது. டெக்னம் பி2002, ஈவெக்டர் ஸ்போர்ட்ஸ்டார், ஃப்ளைட் டிசைன் சிடிஎல்எஸ் எல்லாம் இந்தக் குடும்பம்தான். பயிற்றுநராக வலது இருக்கையில் உட்கார்ந்து பார்த்தவரை, புதியவர்கள் தடுமாறும் இடங்களில் பாதிக்கு மேல் ஒரே காரணத்தில் போய் முடிகின்றன: விமானம் லேசானது. காற்று அதைச் சுலபமாகத் தள்ளும். எடை வரம்பு சீக்கிரம் நிரம்பிவிடும். த்ராட்டிலை மூடினால் வேகம் உடனே கரையும். கீழே வரும் படிகளில் பல இந்த ஒன்றைச் சுற்றித்தான் வரும்.

என்ஜின் எண்களை அப்படியே தந்திருக்கிறேன். விமானத்தின் வேகங்களை உங்கள் விமானத்தின் கையேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். கையேடு ஒன்று சொல்லி நான் வேறொன்று சொல்லியிருந்தால், கையேடு சொல்வதையே செய்யுங்கள். பயிற்றுநர் பக்கத்தில் இல்லாமல் இதைப் படித்துவிட்டுப் பழகிப் பார்க்க வேண்டாம்.

1. வீட்டிலேயே எடுக்க வேண்டிய முடிவு

முதலில் உடம்பு. தூக்கம் சரியில்லை, மூக்கடைப்பு இருக்கிறது, தூங்க வைக்கும் சளி மாத்திரை போட்டிருக்கிறீர்கள் என்றால் அன்றைக்குப் பறக்க வேண்டாம். மூக்கடைத்தபடி கீழே இறங்கினால் காது வலி கவனத்தை முழுக்கப் பிடுங்கிவிடும். மது குடித்திருந்தால் இந்திய விதிப்படி குறைந்தது 12 மணி நேரம் கழிய வேண்டும்.

அடுத்தது காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். 600 கிலோ விமானத்தைக் கேட்கவே வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோவைப் பக்கம் பகலில் வலுத்துவிடும். காலை ஏழு மணிக்குப் பார்த்த காற்று பதினொரு மணிக்கு இருக்காது. எனவே திரும்பி இறங்கும் நேரத்துக்கான கணிப்பையும் பாருங்கள்.

குறுக்குக் காற்றை மனக்கணக்காகப் போட கடிகாரத்தை நினைத்துக்கொண்டு, டிகிரியை நிமிடமாக எண்ணுங்கள். ஓடுபாதைக்கும் காற்றுக்கும் இடையே 15 டிகிரி என்றால் காற்றில் கால் பங்கு, 30 என்றால் பாதி, 45 என்றால் முக்கால், 60-க்கு மேல் முழுதும். ஓடுபாதை 09 (அதாவது 90 டிகிரித் திசை), காற்று 130 டிகிரியிலிருந்து 18 நாட் (ஒரு நாட் மணிக்கு 1.85 கி.மீ.) என்றால் கோணம் 40. மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 12 நாட். இதை விமானத்தின் வரம்போடு மட்டும் ஒப்பிடாதீர்கள். உங்களுக்கென்று பயிற்றுநர் வைத்திருக்கும் வரம்பு இன்னும் குறைவாக இருக்கும்.

வெப்பத்தையும் கணக்கில் சேருங்கள். கடல் மட்டத்தில் 38 டிகிரி என்றால், விமானத்துக்கு அது ஏறக்குறைய 2,750 அடி உயரத்தில் இருப்பது போல. பெங்களூரு ஜக்கூர் போல சுமார் 3,000 அடி உயரத்தில் உள்ள தளத்தில் 35 டிகிரி என்றால் 6,000 அடியைத் தாண்டும். ஓட்டம் நீளும், ஏற்றம் மந்தமாகும். கையேட்டின் அட்டவணையில் அந்த உயரத்துக்கான தூரத்தைப் பார்த்து, ஓடுபாதை நீளத்தோடு ஒப்பிட்ட பிறகே வண்டியை எடுங்கள்.

2. எடைக் கணக்கு

“ரெண்டு பேர்தானே, டேங்கை நிரப்பிடலாம்” என்பதுதான் நான் அதிகம் கேட்கும் தவறு. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வெற்று எடை 370 கிலோ. மாணவர் 78, பயிற்றுநர் 84. ஹெட்செட், பை எல்லாம் சேர்த்து 5. பெட்ரோல் 100 லிட்டர், லிட்டருக்கு 0.72 கிலோ என்றால் 72. கூட்டினால் 609 கிலோ. இரண்டு சாதாரண உடம்புக்காரர்கள் உட்கார்ந்ததற்கே வரம்பு 9 கிலோ மீறிவிட்டது.

இந்த என்ஜின் பயிற்சியில் மணிக்கு 18 முதல் 20 லிட்டர் வரை குடிக்கும். ஒரு மணி நேரப் பாடத்துக்கு 50 லிட்டர் போட்டால் பறப்பதற்கும், அதற்கு மேல் ஒரு மணி நேரத்துக்கும் அதிகமான இருப்புக்கும் போதும். மொத்த எடை 573 கிலோவில் நிற்கும். வெற்று எடையைப் பழைய தாளிலிருந்து எடுக்காதீர்கள். கடைசியாக எடை போட்ட சான்றில் உள்ளதுதான் சரி.

எடை சரியாக இருந்தாலும் ஈர்ப்பு மையம் வரம்புக்குள் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். இருக்கைக்குப் பின்னால் வைக்கும் பத்து கிலோ பை, மூக்கைத் தூக்க வைக்கும். இறக்கை தூக்கும் விசையை இழக்கும் ஸ்டால் நிலையிலிருந்து மீள அது இடைஞ்சல் செய்யும்.

3. சுற்றிப் பார்த்தல்: வரிசை மாறக் கூடாது

காக்பிட்டில் தொடங்குங்கள். இக்னிஷன் ஆஃப், மாஸ்டர் (மொத்த மின்சார ஸ்விட்ச்) ஆஃப், சாவி வெளியே. இதை உறுதி செய்யாமல் ப்ரொப்பெல்லர் பக்கமே போகக் கூடாது. ஏன் என்றால் அடுத்து அதைக் கையால் சுற்றப் போகிறீர்கள்.

ரோட்டாக்ஸில் ஆயில் தனி டேங்கில் இருக்கும். இரவு முழுக்க நின்ற விமானத்தில் ஆயிலில் ஒரு பகுதி என்ஜினுக்குள் இறங்கி நிற்கும். அப்படியே குச்சியை விட்டுப் பார்த்தால் குறைவாகக் காட்டும். புதியவர் ஆயில் ஊற்றிவிடுவார். பிறகு அது மிகுதியாகிவிடும். அதனால் டேங்க் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, ப்ரொப்பெல்லரை என்ஜின் சுழலும் திசையில் மெதுவாகக் கையால் சுற்றுங்கள். ஒவ்வொரு அமுக்கத்திலும் சற்று நிறுத்துங்கள். கொஞ்ச நேரத்தில் டேங்கிலிருந்து ‘களக்’ என்று ஒரு சத்தம் வரும். ஆயில் திரும்பிவிட்டது. இப்போது குச்சியைப் பாருங்கள். எதிர்த் திசையில் சுற்றவே கூடாது. ஆயில் குழாய்களுக்குள் காற்று போய்விடும்.

அப்புறம் பெட்ரோல். டேங்கின் அடியிலிருந்து கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும்; இரண்டுக்கும் நடுவே கோடு தெரியும். ஒரு மாணவர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “கோடு எதுவும் இல்லை, சுத்தமா இருக்கு” என்றார். குப்பி பளிங்கு போல இருந்தது. வாங்கி முகர்ந்தேன், வாசனையே இல்லை. மழை பெய்த மறுநாள். குப்பி முழுக்கத் தண்ணீர். பெட்ரோலே இல்லாதபோது கோடு எங்கிருந்து தெரியும்? விமானப் பெட்ரோலான ஏவ்காஸ் 100எல்எல் என்றால் இளநீலம் தெரிய வேண்டும், வாசனை வர வேண்டும், விரலில் பட்டால் சில்லென்று ஆவியாக வேண்டும். மூன்றையும் பாருங்கள். தண்ணீர் நிற்கும்வரை வடித்துக்கொண்டே இருங்கள்.

இன்னொன்று. ரோட்டாக்ஸ் ஏற்றுக்கொள்வது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோலைத்தான். இந்தியாவில் இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதக் கலவை. கேனில் வாங்கி வந்து ஊற்றும் பழக்கம் இங்கே வேண்டாம். ஏவ்காஸில் ஓட்டினால் அதிலுள்ள ஈயத்துக்காக ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். அது பணிமனையின் கணக்கில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டேங்கின் அளவை மீட்டரை நம்பி முடிவு செய்யாதீர்கள். அளவுகோலை விட்டுக் கண்ணால் பாருங்கள்.

வேகமானிக்குக் காற்றழுத்தம் தரும் பிட்டோ குழாயையும் பெட்ரோல் டேங்கின் காற்றுத் துளையையும் தனியாக உற்றுப் பாருங்கள். நம் ஊரில் குளவி இரண்டு நாளில் மண் வைத்து அடைத்துவிடும். பிட்டோ அடைத்தால் வேகமானி பொய் சொல்லும். காற்றுத் துளை அடைத்தால் டேங்கில் பெட்ரோல் இருந்தும் என்ஜினுக்கு வராது. மூடி போட்டு வைத்திருந்தால், மூடியைக் கழற்றினீர்களா என்பதும் இதே இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

மீதியெல்லாம் செக்லிஸ்ட் வரிசைப்படி: கட்டுப்பாட்டுப் பரப்புகளின் கீல், ஆணி, பூட்டுக்கம்பி, டயர், பிரேக் குழாயில் கசிவு. யாராவது நடுவில் கூப்பிட்டால் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள். ஒரு பகுதி பின்னால் போய்த் தொடங்குங்கள். கடைசியாகப் பத்தடி தள்ளி நின்று முழு விமானத்தையும் ஒருமுறை பாருங்கள். இழுவைக் கம்பி, கட்டுக் கயிறு, சக்கரக் கட்டை மூன்றும் அப்போதுதான் கண்ணில் படும்.

4. உட்கார்ந்த பிறகு

இருக்கை பூட்டிக்கொண்டதா என்று முன்னும் பின்னும் உடம்பால் தள்ளிப் பாருங்கள். மேலெழும்போது இருக்கை பின்னால் வழுக்கினால், கை தானாகவே கட்டுப்பாட்டுக் கம்பியான ஸ்டிக்கை இழுத்துவிடும்.

கேனப்பி (கண்ணாடிக் கூரை) அல்லது கதவின் கொக்கியைக் கையால் தள்ளிச் சோதியுங்கள். பறக்கும்போது திறந்துகொண்டால் சத்தமும் காற்றும் பயமுறுத்தும். அதை மூடப் போய் விமானத்தை விட்டுவிடாதீர்கள். வேகத்தைக் கவனித்து, ஓடுபாதையைச் சுற்றிவரும் சர்க்கியூட் போட்டு இறங்குங்கள்.

ராக்கெட்டில் இயங்கும் பாராசூட் உள்ள விமானம் என்றால் பாதுகாப்பு ஊசியை எப்போது எடுப்பது, எப்போது போடுவது என்பதைச் செக்லிஸ்ட்டில் பாருங்கள். ஊசியோடு பறந்தால் பாராசூட் இருந்தும் இல்லாத மாதிரி.

கட்டுப்பாடு யார் கையில் என்பதை வாயால் சொல்லிப் பழகுங்கள். “யூ ஹேவ் கண்ட்ரோல்”, “ஐ ஹேவ் கண்ட்ரோல்”, மறுபடி “யூ ஹேவ் கண்ட்ரோல்”. மூன்றாவது வாக்கியம் வரும்வரை கையை எடுக்காதீர்கள். இருவரும் மற்றவர் ஓட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டிருப்பது இரட்டைக் கட்டுப்பாட்டு விமானத்தில் மட்டுமே நடக்கக்கூடிய விபத்து.

5. ஸ்டார்ட் செய்தல்

குளிர்ந்த என்ஜினுக்குச் சோக் முழுதாக, த்ராட்டில் முழுதாக மூடி. இந்தக் கார்புரேட்டரில் த்ராட்டில் திறந்திருந்தால் சோக் வேலை செய்யாது. மோட்டார் சைக்கிள் பழக்கத்தில் கொஞ்சம் த்ராட்டில் கொடுத்துவிட்டு, ஏன் பிடிக்கவில்லை என்று தவிப்பவர்கள் நிறைய. சூடான என்ஜினுக்குச் சோக் வேண்டாம்.

பிரேக் பிடித்து, இருபுறமும் பார்த்து, “க்ளியர் ப்ராப்” என்று உரக்கச் சொல்லி, இரண்டு மூன்று நொடி காத்திருந்து பிறகு சாவி. சொல்வதும் திருகுவதும் ஒரே நேரத்தில் நடந்தால் சொன்னதில் பயனில்லை. ஸ்டார்ட்டரைப் பத்து நொடிக்கு மேல் பிடிக்காதீர்கள்; பிடிக்கவில்லை என்றால் இரண்டு நிமிடம் ஆற விடுங்கள்.

என்ஜின் பிடித்ததும் கண் போக வேண்டிய இடம் ஆயில் அழுத்தம். பத்து நொடிக்குள் ஏறாவிட்டால் உடனே அணையுங்கள். ஏறினால் 2,000 ஆர்பிஎம்-மில் இரண்டு நிமிடம், பிறகு 2,500-இல் ஆயில் 50 டிகிரி தொடும்வரை. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும்; அந்த நிலையில் முழு விசை கொடுத்தால் தாங்கிகளுக்குப் போதிய ஆயில் போகாது. ரொம்பக் குறைந்த ஆர்பிஎம்-மில் விட்டு வைப்பதும் தப்பு. இந்த என்ஜினுக்கும் ப்ரொப்பெல்லருக்கும் நடுவே கியர்பாக்ஸ் இருக்கிறது. 1,400-க்குக் கீழே அது கடகடவென்று அடித்துக்கொள்ளும்.

6. டாக்சி

தரையில் ஓட்டிப் போவதுதான் டாக்சி. வேகம், வேகமாக நடப்பவரின் வேகம். முதல் சில அடியிலேயே இரு பக்கப் பிரேக்கையும் சோதியுங்கள்.

எதிர்க்காற்று ஒரு பக்கமாக வந்தால் ஸ்டிக்கைக் காற்று வரும் பக்கம் சாயுங்கள். பின்பக்கக் காற்று என்றால் காற்றுக்கு எதிர்ப் பக்கம் சாய்த்து, முன்னால் தள்ளுங்கள். இறக்கைக்கு அடியில் காற்று புகுந்து தூக்குவதைத் தடுக்கத்தான் இது. தரையில்தானே என்று ஸ்டிக்கை விட்டுவிட்டு டாக்சி செய்பவர்களை நான் பலமுறை நிறுத்தியிருக்கிறேன். பெரிய விமானம் கிளப்பிவிட்ட காற்றுக்குப் பின்னால் போக நேர்ந்தால், நின்று, அது அடங்கிய பிறகு போங்கள்.

7. ரன்-அப்

மேலெழும் முன் என்ஜினைச் சோதிப்பதுதான் ரன்-அப். மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்துங்கள். 4,000 ஆர்பிஎம் வைத்து இரண்டு இக்னிஷனையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் இறக்கம் 300-க்கு மேல் போகக் கூடாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 115-க்கு மேல் போகக் கூடாது. இறக்கமே இல்லை என்றால் நல்ல சேதி என்று நினைக்காதீர்கள். அணைத்தது அணையவில்லை என்று பொருள். அந்த ப்ரொப்பெல்லரைக் கையால் தொடுவது ஆபத்து. திரும்பி வந்து சொல்லுங்கள்.

கார்புரேட்டரைச் சூடாக்கும் வசதி இருந்தால் அதையும் இங்கே சோதியுங்கள். வெயில் ஊரில் பனிக்கட்டி எங்கே வரும் என்று கேட்பார்கள். ஈரக்காற்றில் 25 டிகிரியிலும், த்ராட்டிலைக் குறைத்து இறங்கும்போது கார்புரேட்டருக்குள் பனி கட்டக்கூடும். மழைக்கு முந்தைய புழுக்கமான காலைகளில் இதை மறக்காதீர்கள்.

ஸ்டிக்கை நாலாபக்கமும் முழுதாக நகர்த்தி, இறக்கையில் பரப்புகள் சரியான திசையில் அசைகின்றனவா என்று கண்ணால் பாருங்கள். பணிமனையிலிருந்து வந்த விமானத்தில் இது இன்னும் முக்கியம்.

8. மேலெழுதல்

ஓடுபாதைக்குள் நுழையும் முன் வாய்விட்டுச் சொல்லுங்கள்: எந்த வேகத்தில் மூக்கைத் தூக்குவேன், எந்த இடத்துக்குள் தரை விடாவிட்டால் த்ராட்டிலை மூடுவேன், எழுந்ததும் என்ஜின் நின்றால் எந்த வயலில் இறங்குவேன். அந்த வயலை இப்போதே தேர்ந்து வையுங்கள். 200 அடியில் தேட நேரம் இருக்காது.

த்ராட்டிலை மூன்று நொடியில் சீராகத் தள்ளுங்கள். மூக்கு இடப்பக்கம் இழுக்கும்; வலது ரட்டர் மிதியை அழுத்துங்கள். ஆர்பிஎம் வழக்கமான அளவுக்கு வந்ததா, ஆயில் அழுத்தம் பச்சையில் இருக்கிறதா, வேகமானி அசைகிறதா என்ற மூன்றையும் ஓட்டத்தின் முதல் பகுதியிலேயே பார்த்துவிடுங்கள். ஒன்று சரியில்லை என்றாலும் நிறுத்துங்கள். 5,800 ஆர்பிஎம் ஐந்து நிமிடத்துக்குத்தான். அதன் பிறகு 5,500-க்குக் கீழே.

இப்போது இந்த விமானத்தில் மிக முக்கியமான விஷயம். ஏறும்போது என்ஜின் நின்றால், கனமான விமானம் தன் வேகத்தைக் கொஞ்ச நேரம் வைத்திருக்கும். இது வைத்திருக்காது. மூக்கு மேலே இருக்க, ப்ரொப்பெல்லர் காற்றைத் தடுக்க, சில நொடியில் ஸ்டால் வேகத்துக்கு வந்துவிடும். எனவே முதல் செயல் ஸ்டிக்கை முன்னால் தள்ளுவது. ‘என்ன ஆச்சு’ என்று யோசிப்பது இரண்டாவது. புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: மீட்டர்களைப் பார்ப்பார்கள், அதற்குள் வேகம் போய்விடும். பயிற்சியில் நான் த்ராட்டிலை மூடியதும் கை தானாக முன்னால் போகும்வரை தனிப் பறத்தலுக்கு அனுப்புவதில்லை.

மூக்கைத் தாழ்த்தியபின், நேர் எதிரே, இரு பக்கமும் 30 டிகிரிக்குள் இறங்குங்கள். ஓடுபாதைக்குத் திரும்பும் ஆசை வரும். திரும்பச் சாய்க்க வேண்டும். 45 டிகிரி சாய்வில் ஸ்டால் வேகம் 19 சதவீதம் கூடும், 60 டிகிரியில் 41 சதவீதம். வேகம் குறைந்துகொண்டிருக்கும்போதே தேவைப்படும் வேகம் கூடுகிறது. வயலில் மெதுவாக மோதியவர்கள் எழுந்து நடந்திருக்கிறார்கள். திரும்பும்போது சுழன்று விழுந்தால் அந்த வாய்ப்பு அரிது.

9. மேலே இருக்கும்போது

தலையை வெளியே வையுங்கள். மீட்டர்களுக்குப் பதில் மின்னணுத் திரையுள்ள விமானங்களில் மாணவர்கள் உள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கால் மணிக்கு ஒருமுறை பெட்ரோல், ஆயில், திசை, உயரம், கார்புரேட்டர் சூடு. இடது வலது டேங்க் மாற்றும் நேரத்தைத் தொடைப் பலகையில் எழுதுங்கள்.

இந்தக் கார்புரேட்டரில் த்ராட்டில் கம்பி அறுந்தால் விசையுள்ள சுருள் அதை முழுதாகத் திறந்துவிடும். என்ஜின் கூச்சலிடும், குறைக்க முடியாது. பதறாமல் மூக்கைத் தூக்கி வேகத்தைக் கட்டுப்படுத்தி, தளத்துக்கு நேர் மேலே நல்ல உயரத்துக்கு ஏறுங்கள். ஏடிசியிடம் (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டிடம்) சொல்லுங்கள். ஓடுபாதை நிச்சயமாக எட்டும் என்ற இடத்தில் இக்னிஷனை அணைத்து, சறுக்கி இறங்குங்கள்.

10. சர்க்கியூட்டும் இறங்குதலும்

ஓடுபாதைக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகப் பறக்கும் டவுன்விண்டில் தரையிலிருந்து 1,000 அடி. செக்லிஸ்ட்டை இங்கேயே முடித்துவிடுங்கள். ஓடுபாதைக்கு நேராக இறங்கி வரும் ஃபைனலில் அதற்கு இடமில்லை. அதற்கு முந்தைய குறுக்குப் பாதையான பேஸிலிருந்து ஃபைனலுக்குத் திரும்பும்போது ஓடுபாதையைத் தாண்டிவிட்டால் ரட்டரை அழுத்தி மூக்கை இழுக்கத் தோன்றும். அதுதான் ஸ்பின்னுக்கான, அதாவது சுழன்று விழுவதற்கான வழி. 30 டிகிரிக்கு மேல் சாய்க்காதீர்கள். சரியாக வரவில்லை என்றால் கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி மேலேறிச் சுற்றி வருவது.

அப்ரோச் (இறங்க வரும்) வேகம் ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் பரப்பு) விட்ட நிலையின் ஸ்டால் வேகத்தைப்போல் 1.3 மடங்கு, ஸ்டால் 40 நாட் என்றால் 52. “எதுக்கும் இருக்கட்டும்” என்று பத்து நாட் கூட்டி வருவார்கள். லேசான விமானம் தரையோரக் காற்றுமெத்தையில் மிதந்துகொண்டே போகும், ஓடுபாதை தீரும், பொறுமை இழந்து ஸ்டிக்கைத் தள்ளுவார்கள், மூக்குச் சக்கரம் முதலில் மோதும். காற்று குத்திக் குத்தி வீசினால் மட்டும், காற்றுக்குத்தின் மிகுதியில் பாதியைக் கூட்டுங்கள்: 10 நாட் காற்று 18 வரை குத்தினால், 4 நாட்.

த்ராட்டிலை உயரத்திலேயே மூடிவிடுவது எதிர்ப்பக்கத் தவறு. வேகம் கரைந்து, மூன்றடி உயரத்திலிருந்து பொத்தென்று விழும். தரையைத் தொடும் முன் மூக்கை மெல்லத் தூக்கும் ஃப்ளேர் தொடங்கிய பிறகு மெல்ல மூடுங்கள். கண்ணை ஓடுபாதையின் கடைசிக்கு அனுப்புங்கள். கிட்டத்தில் பார்த்தால் உயரம் தெரியாது. பின்சக்கரங்கள் தொட்டபின்னும் ஸ்டிக்கைப் பின்னால் பிடித்து, மூக்குச் சக்கரம் தானாக இறங்க விடுங்கள்.

துள்ளினால் ஸ்டிக்கைத் தள்ளித் துரத்தாதீர்கள். இரண்டாவது துள்ளல் முதல் துள்ளலைவிடப் பெரிது, மூன்றாவதில் மூக்குச் சக்கரம் உடையும். சின்னத் துள்ளல் என்றால் மூக்கை அப்படியே பிடித்துக் கொஞ்சம் த்ராட்டில். பெரிது என்றால் கோ-அரவுண்ட்: முழு த்ராட்டில், வலது ரட்டர், மூக்கு மேலெழ விடாமல் அழுத்தம், ஏறத் தொடங்கியபின் ஃப்ளாப்பை ஒரு படி ஒரு படியாக. ட்ரிம் (ஸ்டிக்கின் அழுத்தத்தைச் சமன்செய்யும் அமைப்பு) இறங்குதலுக்கு வைத்திருப்பதால் முழு விசையில் மூக்கு சட்டென்று தூக்கும். அதற்குக் கை தயாராக இருக்கட்டும். ஃப்ளாப்பை ஒரேயடியாக ஏற்றினால் விமானம் அமுங்கும்.

11. நிறுத்திய பிறகு

ஓரிரு நிமிடம் குறைந்த விசையில் ஆற விட்டு, இக்னிஷன், பிறகு மாஸ்டர் அணையுங்கள். சாவியை எடுத்து, பாராசூட் இருந்தால் அதன் ஊசியைப் போடுங்கள். பறக்கும்போது தட்டுப்பட்ட எதையும், சின்னதாக இருந்தாலும், பதிவேட்டில் எழுதுங்கள். அடுத்து எடுப்பவருக்கு நீங்கள் வாயால் சொன்னது போய்ச் சேராது.

சக்கரக் கட்டை வைத்து, ஸ்டிக்கைப் பூட்டி, இறக்கை இரண்டையும் வாலையும் தரைக் கொக்கியில் கட்டுங்கள். கயிற்றைத் தொய்வாக விட்டால் காற்றில் வெட்டி வெட்டி இழுத்து முடிச்சைத் தளர்த்திவிடும். விறைப்பாகக் கட்டினால் நனைந்து சுருங்கும் கயிறு இறக்கையை இழுக்கும். ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு போதும். பிட்டோ மூடியைப் போட்டு, அதன் சிவப்பு நாடா காற்றில் ஆடும்படி வெளியே விடுங்கள்.